நான் கட்டிய பனங்கட்டை

மூன்று வருடத்துக்கு முந்தின மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சுன்னாகத்துக்குக் கிழக்கே இருக்கிற என்னுடைய வெங்காயத் தோட்டத்தில் இது நடந்தது. இந்தக் கதையை இதுவரைக்கும் ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். சந்தையில் சொன்னேன், கலியாண வீட்டில் சொன்னேன், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளுக்கும் சொன்னேன். ஆனால் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. முழுதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பன்னிரண்டு வயதில் கிணறு வெட்டுகிற ஆட்களுக்குக் கல் சுமக்கப் போனேன். இருபத்தைந்து வயதில் எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்தார்கள். எங்கள் பக்கத்து நிலத்தில் கொஞ்சம் மண்ணைக் கிண்டினால் போதும், கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை அலவாங்காலும் உளியாலும் பிளந்து தண்ணீர் காட்டியவன் நான். இந்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும், அது நான் வெட்டினதாக இருக்கும், அல்லது என்னிடம் தொழில் பழகினவன் வெட்டினதாக இருக்கும். இன்றைக்கு இருபத்திரண்டு பரப்புத் தோட்டம், மாடி வீடு எல்லாம் உண்டு. யாருடைய தயவும் இல்லாமல் வந்தவன். இதை எழுதுவதும் நானேதான். எழுத்துப் பிழை பார்த்தது மட்டும் மகள்.

என் தோட்டத்துக்குப் பின்னால் வேலி அடைத்த ஒரு சின்ன வளவு. அதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். சொந்தத் தங்கச்சி இல்லை. ஊர் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவது. புருசன் இல்லை, ஐம்பது வயது வரும். ஒரு மாட்டை வைத்துப் பால் விற்கிறாள், மிச்ச நேரத்தில் பனையோலையில் கடகம் இழைக்கிறாள். அவளுக்குக் கிணறு கிடையாது. என் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவாள். றோட்டுக்குப் போவதும் என் தோட்டத்து வரம்பால்தான். நான் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நாலு பேருக்குச் சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை.

அவளுடைய மாடு சிவலை. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. அந்த மாசி மாதம் அது கன்று போட்டு மூன்று கிழமைதான். மழை விட்டுப் போய் அவளுடைய வளவில் புல் கருகியிருந்தது. மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு வேலிக் கதியால் தடிகளுக்கு நடுவால் புகுந்து என் வெங்காயத்துக்குள் இறங்கிவிடும். கிண்ட இரண்டு கிழமை இருக்கிற வெங்காயம். தாளை மேய்ந்தால் பரவாயில்லை, மிதித்து உழக்கிவிடும். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மாட்டைப் பிடித்துக் கட்டினேன்.

கட்டாக்காலியாகத் திரிகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சிறு தடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மாடு ஓடாது, வேலி பாயாது. எல்லோரும் போடுவது கையளவு தடிப்பில் ஒரு முருங்கைத் தடி. ஆனால் நான் செய்தால் மற்றவன் செய்வது போல இருக்கக் கூடாது அல்லவா? பழைய வீட்டு முகட்டில் இருந்து இறக்கின வைரம் பாய்ந்த பனைச் சிலாகை ஒன்று கிடந்தது. அதில் இரண்டரை அடி வெட்டினேன். நீல நைலோன் கயிற்றை இரட்டையாகப் போட்டு மாட்டின் கழுத்தில் கட்டினேன். முடிச்சு, கிணற்றுக்குள் இருந்து கல் தூக்குகிற முடிச்சு. பாரம் ஏற ஏற இறுகும். ஐம்பது வருடத்தில் ஒன்றுகூட அவிழ்ந்து ஒருவன் தலையில் கல் விழுந்தது கிடையாது.

என் மனுசி பார்த்துவிட்டு வந்தாள். "இஞ்சருங்கோ, பால் குடுக்கிற சீவன். அதுக்குப் போய் உந்தப் பாரத்தைக் கட்டுறியளே" என்றாள். நான் கணக்கில் எடுக்கவில்லை.

பின்னேரம் தங்கச்சி வாசல் படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணை, கட்டை பெரிசு. நடக்கேக்கை முழங்காலிலை அடிக்குது. கொஞ்சம் சின்னனாப் போட்டு விடுங்கோவன்."

"சின்னனாப் போட்டால் நாளைக்கும் வரும். பெரிசாப் போட்டால்தான் அதுக்கும் புத்தி வரும், உனக்கும் புத்தி வரும்."

"அது பசியிலை வருது அண்ணை."

"பசிக்கு என்ரை வெங்காயமோ கிடைச்சுது? அது நான் போட்ட முடிச்சு. என்னைக் கேளாமல் ஆரும் தொடக் கூடாது. சொல்லிப்போட்டன்."

அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவளிடம் ஓலை வாருகிற சத்தகம் இருந்தது. சுண்டு விரல் நீளம்தான், ஆனால் சவர அலகு போல வெட்டும். நினைத்திருந்தால் கயிற்றை வீட்டில் வைத்தே அறுத்திருக்கலாம். அறுக்கவில்லை. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் போனது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தோட்டத்துக் கொட்டிலில் படுத்திருந்தேன். ஏதோ முறிகிற சத்தம். எழும்பிப் பார்த்தால் கட்டையும் கழுத்துமாக அந்த மாடு வெங்காயப் பாத்திக்குள் நிற்கிறது. கட்டை கட்டினால் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தவன் நான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மண்வெட்டிப் பிடியைத் தூக்கிக்கொண்டு, "ஏய்!" என்று கத்தியபடி ஓடினேன். ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அது மாட்டின் முதுகில் பட்டது.

மாடு மிரண்டு ஓடியது. நாலு பாய்ச்சல்தான் ஓடியிருக்கும். கட்டை முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மாடு முகம் குப்புற விழுந்து, எழும்பி, மறுபடி தடுக்கிப் பக்கவாட்டில் சரிந்தது. அது சரிந்த இடத்தில்தான் கிணறு இருந்தது.

என் கிணற்றுக்கு அப்போது கட்டு இல்லை. ஊரில் எத்தனையோ கிணற்றுக்கு வட்டமாக மதில் கட்டிக் கொடுத்தவன், என் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு வரிசைக் கல்லும் வைக்கவில்லை. தண்ணீர் இறைக்கக் குழாய் போட வசதி என்று விட்டிருந்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய கல் விழுந்த சத்தம் எனக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. கல் விழுந்தபிறகு கிணறு அமைதியாகிவிடும். இதில் விழுந்தபிறகுதான் சத்தம் தொடங்கியது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு அடி கீழே தண்ணீர். மாடு நீந்துகிறது, சுற்றிச் சுற்றி வருகிறது. மரம் என்றால் மிதக்கும் என்று நினைப்பீர்கள். வைரம் பாய்ந்த பனை மிதக்காது. ஒவ்வொரு தடவை மூக்கைத் தூக்கும்போதும் கட்டை அதைக் கீழே இழுத்தது.

அந்தக் கிணற்றை நான் வெட்டியது யுத்த காலத்தில். வெடி வைக்க முடியாத நாட்கள். ஒரு மூலையில் ஒரு கல் மட்டும் எத்தனை உளி வைத்தும் பிளக்கவில்லை. கட்டில் அளவு மேடாக அதை அப்படியே விட்டுவிட்டேன். என் தொழிலில் நான் முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான். யாரும் பார்க்கக் கூடாது என்று தண்ணீர் வற்றுகிற காலத்தில் வெளியாட்களைக் கிணற்றடிக்கு விடமாட்டேன். அந்த மேட்டில்தான் மாட்டின் முன்னங்கால்கள் பட்டன. பிடித்துக்கொண்டு நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு உள்ளே போகவில்லை. மேட்டுக்குப் பக்கத்தில் மெசினுக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் இறங்குகிறது. கட்டை அந்தக் குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையில் போய்ச் செருகிக்கொண்டது. பிளாஸ்டிக் குழாய் என்றால் முறிந்திருக்கும். நான் போட்டது இரும்பு. இப்போது மாட்டால் அசைய முடியாது. தலை கீழே இழுபட்டு, மூக்குத் துவாரம் இரண்டும் கண்களும் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே.

மனுசி ஓடி வந்தாள். பின்வளவில் இருந்து தங்கச்சி ஓடி வந்தாள். றோட்டில் எரு ஏற்றிப் போன உழவு இயந்திரத்துக்காரன் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். முப்பது வயது வரும், எந்த நேரமும் பகிடி விடுகிற பொடியன்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு யோசனையும் இல்லை, ஆனால் கட்டளை போட மட்டும் வந்தது. வடக்கயிற்றைச் சுருக்குப் போட்டு எறிந்து மாட்டின் கொம்பில் மாட்டினேன். "இழு!" என்றேன். நானும் உழவு இயந்திரத்துக்காரனும் இழுத்தோம்.

"ஐயா, உது மாடு. உங்கடை கல்லுவாளி இல்லை. உப்பிடி இழுத்தால் தலை மட்டும்தான் மேலை வரும்" என்றான் அவன்.

"நீ கதையாதை, இழு!"

நாங்கள் மேலே இழுக்க, குழாயில் செருகின கட்டை கீழே பிடிக்க, நடுவில் என் முடிச்சு தன் வேலையைச் செய்தது. பாரம் ஏற ஏற இறுகியது. மாட்டின் கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்தது. அப்பவும் நான் விடவில்லை.

"நிப்பாட்டு!"

யார் கத்தியது என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கச்சி. இருபது வருடமாக "வாங்கோ, போங்கோ" என்ற மரியாதை தவறி என்னிடம் ஒரு சொல் பேசியறியாதவள்.

"இழுக்காதை! நாக்கு வெளியிலை வந்திட்டுது, உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லையே? உன்ரை முடிச்சுத்தானே? நீ இறங்கி அவிழ்!"

என் கையில் இருந்த கயிறு தானாக நழுவியது. மனுசி போய்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றாள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சுவரில் கால் வைக்கிற பொழி நானே வெட்டினது. கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். ஆனால் அறுபத்தெட்டு வயதில் ஒவ்வொரு பொழியையும் காலால் தடவித்தான் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சளவுக்கு வரும்போது மேட்டில் கால் பட்டது. மாடு என்னைக் கண்டதும் துள்ளியது. கொம்பு விலாவில் குத்தியது. அதைக் காப்பாற்ற வருகிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியாக அது என்னைக் கண்டது மண்வெட்டிப் பிடியுடன்.

கயிற்றைத் தடவிப் பிடித்து முடிச்சில் விரலை வைத்தேன். கல்லில் விரல் வைத்தது போல இருந்தது. நைலோன் நனைந்து, இறுகி, கழுத்துத் தோலுக்குள் புதைந்திருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மடியில் இருந்த வில்லுக்கத்தியை எடுத்து விரித்தேன். ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அறுக்கத் தொடங்கினேன். மாடு தலையை ஒரு உதறு உதறியது. கத்தி கையை விட்டுப் போய்விட்டது. கீழே எத்தனை அடி தண்ணீர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கத்தி போட்டுது! வேறை கத்தி!" என்று கத்தினேன். மேலே கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

மாடு களைத்துவிட்டது. மேட்டில் வைத்திருந்த கால் வழுக்குகிறது. மூக்கு ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது. இரண்டாம் தடவை போய் வரச் சுணங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதன் தாடைக்குக் கீழே என் தோளைக் கொடுத்து, குழாயைக் கட்டிப்பிடித்து, அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ கல்லைச் சுமந்த தோள். இப்படி ஒரு பாரம் அது கண்டதில்லை. கல் நடுங்காது.

அதன் மூச்சு என் காதுக்குள் அடித்தது. சுடச்சுட, இழுத்து இழுத்து. அந்த மூச்சில் வெங்காயத் தாள் மணத்தது. என்னுடைய வெங்காயம்தான். ஒரு வாயோ இரண்டு வாயோ தின்றிருக்கும். அதற்குத்தான் இவ்வளவும். அந்த மணம் என் மூக்குக்குள் ஏற ஏற எனக்கு அழுகை வந்தது. மேலே நின்றவர்களுக்கு அது தெரியாது. தண்ணீருக்குள் நிற்கிறவன் முகம் நனைந்துதானே இருக்கும்.

மேலே கன்று கத்தியது. அந்தச் சத்தம் கேட்டதும் மாடு என் தோளில் இருந்து தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. அந்த அதிர்வு என் நெஞ்சுக்குள் இறங்கியது.

தண்ணீர் அள்ளுகிற வாளி இறங்கி வந்தது. உள்ளே தங்கச்சியின் சத்தகம். சின்னக் கத்தி, கழுத்துத் தோலுக்கும் கயிற்றுக்கும் இடையில் நுழைந்தது. ஒரு பிரியை அறுத்தேன். மற்றதை அறுத்தேன். கட்டை குழாயில் இருந்து கழன்று கீழே போனது. மாடு தலையைத் தூக்கி மூச்சு இழுத்த சத்தம் கிணறு முழுக்கக் கேட்டது.

அதோடு முடியவில்லை. மாட்டை மேலே எடுக்க வேண்டுமே. உழவு இயந்திரத்துக்காரன் பெட்டியில் பாரம் கட்டுகிற அகலமான பட்டிகள் இரண்டு வைத்திருந்தான். வெறுஞ்சாக்கைச் சுற்றி, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்றும் பின்னங்காலுக்கு முன்னால் ஒன்றுமாக வயிற்றுக்குக் கீழே கொடுத்தேன். கிணற்று விளிம்பில் பழைய ரயர்களை அடுக்கினார்கள். பட்டிகளை வடக்கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே பார்த்தேன். தங்கச்சி குனிந்து நின்றாள்.

"இறுகாதே?" என்று கேட்டாள்.

என் முடிச்சைப் பற்றி அதற்கு முதல் ஒருவரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. நான் இரண்டையும் அவிழ்த்து, வேறு மாதிரி, இறுகாத முடிச்சாகத் திரும்பவும் போட்டேன். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

"ஐயா, மாடு வழுக்கினால் நீங்கள் கிணத்துக்கை தோசைதான். மேலை வாங்கோ" என்றான் உழவு இயந்திரத்துக்காரன்.

வரவில்லை. பின்னால் இருந்து தள்ளிக் கொடுக்க ஆள் வேண்டும். அவன் கயிற்றை வண்டியில் கட்டி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கி எடுத்தான். மாடு தண்ணீரை விட்டு எழும்பியது. என் தலைக்கு மேலே அந்த உடம்பு முழுவதும் தொங்கியது. பட்டி ஒரு தடவை கிறீச்சிட்டு ஒரு விரற்கடை நழுவியது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வெளிச்சம் வந்தது. மேலே போய்விட்டது.

நான் ஏறி வரும்போது மாடு பக்கவாட்டில் கிடந்தது. எழும்பவில்லை. தங்கச்சி கன்றைக் கொண்டுவந்து முகத்துக்குக் கிட்ட விட்டாள். கன்று மடியில் முட்டியது. கன நேரத்துக்குப் பிறகு மாடு நாக்கை நீட்டி அதை ஒரு தரம் நக்கியது. இரண்டாம் தரம் நக்கியது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம்.

நான் ஊருக்குச் சொல்லித் திரிந்த கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். கட்டையும் அதில் வராது. மாடு ஒன்று கிணற்றுக்குள் விழுந்தது, அறுபத்தெட்டு வயதில் நான் இறங்கித் தூக்கினேன், அவ்வளவுதான். எல்லோரும் கைகொடுப்பார்கள்.

மிச்சம் இதுதான். பின்னேரம் மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் பெண். ஊசி போட்டார், காலைத் தடவிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"உது விழுந்து வந்த காயம் இல்லை. நாலைஞ்சு நாளாக் கயிறு வெட்டியிருக்கு. முழங்கால் ரெண்டும் கண்டிப்போய்க் கிடக்கு. கழுத்திலை என்ன கட்டினது? ஆர் கட்டினது?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஈரச் சாரத்தோடு நின்றேன். உழவு இயந்திரத்துக்காரன் நிலத்தைப் பார்த்தான்.

"கட்டாக்காலியாத் திரிஞ்சது. நான்தான் டொக்டர் கட்டினனான்" என்றாள் தங்கச்சி.

வைத்தியர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். "பால் தாற சீவனுக்கு உப்பிடிச் செய்ய மனம் வந்ததோ? மாடு உங்கடை எண்டால் அதை வதைக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கெண்டு நினைப்போ? உது சட்டப்படியும் பிழை, தெரியுமோ?" அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் நின்றபோதுகூட அந்த நேரம் இவ்வளவு நீளமாக இருக்கவில்லை. வைத்தியர் போன பிறகு என் மனுசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

விடிய எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். அந்தப் படலையை நான் திறந்தது அதுதான் முதல் தரம். மாடு எழும்பி நின்றது.

"ஏன் நேற்று அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

அவள் ஓலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கும் உங்கடை கிணத்திலைதானே அண்ணை நான் தண்ணி அள்ளோணும்."

கயிற்றைத் தன் வீட்டில் வைத்து அவள் ஏன் அறுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாட்டின் கழுத்தில் மட்டுமா நான் கட்டை கட்டியிருந்தேன்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியரின் கந்தோருக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும், கட்டையைக் கட்டினது நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேற்று வாயிலை என்ன வைச்சிருந்தனீங்கள் ஐயா?" என்றார்.

பிறகு கிணற்றுக்கு இடுப்பளவில் கட்டுக் கட்டினேன். பின்வளவுக்குத் தனியாகக் குழாய் இழுத்தேன். அவள் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெங்காயத் தாள் கழிவையும் வரம்பில் வெட்டுகிற புல்லையும் மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன். மாடு நன்றாக இருக்கிறது. இடது முன்னங்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் நொண்டுகிறது.

இந்த ஊரில் என்னைக் கண்டால் எழும்பி நிற்காத ஆட்கள் குறைவு. அந்த மாடு மட்டும் நான் புல்லோடு போனாலும் ஒரு அடி பின்னுக்கு வைக்கும். நான் புல்லைப் போட்டுவிட்டு, விலகி, வேலிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வாய் வைக்கும். நான் கோபிப்பதில்லை. அதன் கழுத்து, அதன் பயம். அதைப் போக்கடிக்க என்னிடம் முடிச்சு ஏதும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் கிணறு வற்றும்போது அந்த மேடு வெளியே தெரியும், அதற்குக் கீழே அந்தப் பனங்கட்டையும் நீலக் கயிறோடு தெரியும். இறங்கி எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் நான் எடுக்கவில்லை, இப்போதெல்லாம் கிணற்றடிக்கு வருகிறவர்களையும் தடுப்பதில்லை. அது என்ன என்று யாராவது கேட்டால், நான் கட்டினது என்று சொல்லத் தெரிந்திருப்பதுதான் இந்த வயதில் நான் கற்றுக்கொண்ட ஒரே படிப்பு.